கால் கட்டைவிரல் மூட்டு இறுகிவிட்டதா? விரலை விடுங்கள், முதலில் ஷூவை மடக்கிப் பாருங்கள்

நடக்கும்போது குதிகால் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் கட்டைவிரலின் அடிமூட்டு மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். நல்ல மூட்டு 65, 70 டிகிரி வரை மடங்கும். இயல்பான நடைக்கே 45 டிகிரிக்குக் குறையாமல் வேண்டும். குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் மேல்விளிம்பில் எலும்பு முனைப்பு வளர்ந்தால் கதவுக்குப் பின்னால் கல்லை வைத்த மாதிரிதான், அதற்கு மேல் திறக்காது. மடக்கு குறைந்த நிலையை ஹாலக்ஸ் லிமிடஸ் என்பார்கள். ஏறக்குறைய நின்றே போனால் ஹாலக்ஸ் ரிஜிடஸ். தேய்ந்த குருத்தெலும்பை எந்த மாத்திரையும் தைலமும் திரும்ப வளர்க்காது. ஆனால் மூட்டு மடங்க வேண்டிய தேவையையே குறைத்துவிட்டால் வலியும் குறையும். கீழே உள்ள பெரும்பாலான வேலை அதுதான்.

1. வேறு நோயா என்று பாருங்கள்

ஒரே இரவில் மூட்டு சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால் அது கௌட்டாக (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் வாதம்) இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித்தொற்றாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவரிடம் போங்கள். விரல் பக்கவாட்டில் சாய்ந்து உள்பக்கம் புடைத்தால் பனியன் (போட்டுக்கொள்ளும் பனியன் இல்லை). தேய்மானப் புடைப்பு மூட்டின் மேல்புறம் இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் இங்கே சொல்லும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

2. அளந்து பாருங்கள்

பலரும் கோட்டை விடும் இடம் இது. விரல் நுனியைப் பிடித்து மேலே தூக்கி, "நன்றாகத்தானே மடங்குகிறது" என்று விட்டுவிடுவார்கள். அங்கே மடங்குவது நகத்துக்குப் பக்கத்து மூட்டு. அடிமூட்டு இறுகியவர்களுக்கு அந்த நுனிமூட்டு ஈடுகட்டிக் கூடுதலாகவே வளையும். அதனால் ஏமாறுவது எளிது.

உட்கார்ந்து, வெறும் பாதத்தைத் தரையில் பதியுங்கள். ஒரு கையால் அடிமூட்டுக்குப் பின்னாலுள்ள எலும்பை அசையாமல் பிடியுங்கள். மறு கையால் அடிமூட்டுக்கும் நுனிமூட்டுக்கும் இடைப்பட்ட எலும்பைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுங்கள். மற்றக் காலிலும் இதையே செய்யுங்கள். தரையிலிருந்து அளக்கும் கோணமும் மருத்துவர் எலும்பின் அச்சிலிருந்து அளக்கும் கோணமும் ஒன்றாக இராது. ஆகவே எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். இரு கால்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும், மாதத்துக்கு மாதம் வரும் மாற்றத்தையும் பாருங்கள்.

இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வலி மடக்கின் கடைசியில் மட்டும் வருகிறதா, நடுவிலேயே வருகிறதா? கடைசியில் மட்டும் என்றால் பெரும்பாலும் முனைப்பு இடிக்கிறது. நடுவிலேயே என்றால் மூட்டு பரவலாகத் தேய்ந்திருக்கலாம். அடுத்து, எழுந்து நின்று தூக்கிப் பாருங்கள். உட்கார்ந்தால் தாராளமாக மடங்கி, நின்றால் மட்டும் பூட்டிக்கொண்டால் மூட்டை விடப் பாதத்தின் இயக்கத்தில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டிய விஷயம் அது. எக்ஸ்ரே எடுப்பதானால் நின்ற நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். மூட்டு இடைவெளி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது எடை ஏறினால்தான் சரியாகத் தெரியும்.

3. ஷூவை மடக்குங்கள்

வலிக்கும் காலுக்கு மெத்தென்ற ஷூ வாங்குவது இயல்பு. இங்கே அதுதான் தவறு. மெல்லிய, வளையும் சோல் மடங்கும் ஒவ்வொரு முறையும் விரலையும் கூடவே மடக்கும். ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்து அழுத்துங்கள். விரல் மடங்கும் இடத்தில் சுலபமாக மடிந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். சோல் விறைப்பாக இருக்க வேண்டும், முன்பகுதி படகின் அடிப்பாகம்போல் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இதை ராக்கர் சோல் என்பார்கள். விரல் மடங்காமலே பாதம் முன்னே உருளும். உள்ளே மெத்து இருப்பதில் தவறில்லை. விரல் பகுதி அகலமாக இருந்தால் போதாது, புடைப்பு உரசாத அளவு உயரமும் வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பை மறந்துவிடுங்கள். அதில் நிற்கும்போதே மூட்டு மடங்கித்தான் இருக்கும்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் மூட்டு அடிக்கு அடி மடங்கும். உள்ளே போட விறைப்பான செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. கார்பன் ஃபைபர் தட்டு

இருக்கும் ஷூவையே விறைப்பாக்க, ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள தட்டு போதும். முக்கால் நீளத்தில் வருவதை வாங்காதீர்கள். அது மூட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. தட்டு கட்டைவிரல் நுனியைத் தாண்ட வேண்டும். பாதம் முழுக்க ஒன்றா, கட்டைவிரலுக்கு அடியில் மட்டும் நீளும் வகையா என்றால், சும்மா நடப்பவருக்கு முழுத் தட்டே சுலபம்.

இன்சோலை (ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத் தாள்) கழற்றி, தட்டை அடியில் போட்டு, இன்சோலை மேலே வையுங்கள். இன்சோலுக்கு மேல் வைத்தால் விறைப்பான தட்டு நேரே பாதத்தில் அழுத்தும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், பிறகு கூட்டுங்கள். ராக்கர் இல்லாத ஷூவில் தட்டு போட்டால் குதிகால் வழுக்கி வெளியே வரும். கடைசித் துளைவரை லேஸ் கோத்துக் கணுக்காலருகே இறுக்கினால் சரியாகும்.

5. பயிற்சி

முனைப்பு இடிக்கும் மூட்டை மேல்நோக்கி முரட்டுத்தனமாக மடக்கினால் வீக்கம்தான் மிஞ்சும். அதற்குப் பதில் விரலை முன்னோக்கி மெல்ல இழுத்து 10 விநாடி பிடித்து விடுங்கள், ஐந்து முறை. பிறகு வலியில்லாத எல்லைக்குள் மேலும் கீழும் அசையுங்கள். கெண்டைச்சதை நீட்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இறுகிய கெண்டைச்சதை முன்பாதத்தில் பாரத்தைக் கூட்டும். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் செய்தது அதிகம்.

6. மருந்தும் ஊசியும்

டைக்ளோஃபெனாக் ஜெல் மூட்டுக்கு மேல் தடவலாம், தோலுக்கு அருகிலேயே மூட்டு இருப்பதால் பலன் உண்டு. வலி மாத்திரையை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்கள் கேட்காமல் போட வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ மாதங்களோ நிவாரணம் தரும், முனைப்பைக் கரைக்காது.

7. அறுவை சிகிச்சை

மேற்சொன்னதைச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் வலி தீராதவர்களுக்கு. கடைசியில் மட்டும் வலி என்றால் கைலெக்டமி: முனைப்பையும், அடிமூட்டுக்குப் பின்னாலுள்ள எலும்பின் தலையில் மேல்பகுதியில் கால்பங்கு, சற்றுக் கூடுதலாகவும் செதுக்கி எடுப்பார்கள். மூட்டு மிஞ்சும். சீக்கிரமே விரலை அசைக்கத் தொடங்காவிட்டால் தழும்பே மறுபடி இறுக்கிவிடும்.

நடுவிலேயே வலிப்பவருக்குப் பெரும்பாலும் மூட்டிணைப்புதான். திருகாணியும் தகடும் வைத்து இரு எலும்பையும் ஒன்றாக்குவார்கள். ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகும். புகைப்பவருக்கு ஒட்டாமலே போகும் ஆபத்து அதிகம். "மடங்காவிட்டால் எப்படி நடப்பது?" என்று பயப்படுகிறார்கள். ஏற்கெனவே மடங்காத மூட்டுத்தானே, போவது வலி. விரலைச் சற்று மேல்நோக்கிய கோணத்தில் இணைப்பதால் நடை தடைபடாது. செயற்கை மூட்டு கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் அது தளர்ந்தால் எலும்பு குறைந்துபோய், பிறகு இணைப்பதும் சிரமமாகும். அவசரப்பட்டுக் கேட்காதீர்கள்.

பின்சேர்க்கை: தட்டு போட்டபின் பாதத்தின் வெளி ஓரம் வலிப்பதாகப் பலர் சொல்வதுண்டு. கட்டைவிரலுக்குப் பயந்து வெளி ஓரத்தில் மிதித்து நடந்த பழக்கம் தட்டு வந்தபிறகும் தொடர்வதால் வருவது. பழைய ஷூவைக் கவிழ்த்து, சோலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். தேய்ந்திருந்தால் அந்த ஷூவில் தட்டைப் போடாதீர்கள், சாய்ந்த தரையில் பலகை போட்டது போலாகும். புதிய ஷூவில் போட்டு, சிறு அடி வைத்துப் பழகுங்கள். புடைப்பு இன்னும் உரசினால், அதற்கு நேர் மேலே உள்ள லேஸ் துளைகளை மட்டும் விட்டுவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள்.