கொருஸ்க் ஏரிக்கு எந்த வழி?

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கூலின் மலைகளின் மடியில் இருக்கும் கொருஸ்க் ஏரிக்கு ஸ்லிகாகனிலிருந்தும் நடக்கலாம், எல்கோலிலிருந்தும் நடக்கலாம். முதுகில் கூடாரச் சுமை இருந்தால் நான் ஸ்லிகாகனைத்தான் சொல்வேன்.

எல்கோல் வழியில் கமசுனரி ஆற்றைக் கடக்கவேண்டும். கடல் ஏற்றமோ அடைமழையோ இருந்தால் மறந்துவிடுங்கள். அப்புறம் ‘பேட் ஸ்டெப்’. கடலுக்கு மேலே சாய்ந்த பாறை, அதில் கால் வைக்க ஒரு பிளவு. பிளவோடு மேலேறிக்கொண்டே போகாமல் பாதியில் கீழ்த்திட்டுக்கு இறங்கவேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான்.

கூலின் பாறைகளில் காந்தத்தன்மை உண்டு, திசைகாட்டி பொய் சொல்லும். ஓடை, கணவாய், ஏரிமுனை என அடையாளங்களை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நேரக்கணக்குக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. சுமையோடு என்றால் அதுவும் போதாது.