கருவாட்டுக் குழம்புக்கு மறுநாள் ஏறிய ஒன்றரைக் கிலோ

போன மாதம் நானும் மகளும் நாகப்பட்டினத்தில் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். முதல் நாள் மத்தியானம் மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. ராத்திரி அதையே சுண்ட வைத்து, கூடவே நெத்திலி வறுவல். மறுநாள் காலை பழைய சோற்றுக்கு மோர்மிளகாயும் வடுமாங்காயும். ஊர் திரும்பி விடிந்து பார்த்தால் என் மோதிரம் விரலைவிட்டு நகரவில்லை. மகள் எடை பார்த்தாள். 58.4 இருந்தவள் 60 காட்டியதும் கண் கலங்கிவிட்டது. காலையிலும் மத்தியானமும் பட்டினி கிடந்தாள். சாயங்காலம் பசி தாங்காமல் ஒரு பாக்கெட் சிப்ஸைக் காலி செய்தாள். அதிலும் உப்புதான். அன்று ராத்திரி அவளை உட்காரவைத்துச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். ரத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால் அந்த அளவு. உடம்பு இந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது. கூடுதலாக 9 கிராம் உப்பு உள்ளே போனால் தாகத்தைக் கிளப்பும், சிறுநீரைக் குறைக்கும், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. கருவாடும் ஊறுகாயும் இருக்கிற இலையில் அது ஒரு வேளைக்கே தாண்டிவிடும். ஆனால் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட வேண்டும். இரண்டு நாளில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு சாப்பிடாது. ஏறியது தண்ணீர், சதை இல்லை.

அந்தத் தண்ணீரை இறக்குவது சிறுநீரகத்தின் வேலை. இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது, மேலும் உப்பை ஏற்றாமல் இருப்பது. மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள், உப்பை மட்டும் பாதியாக்குங்கள். அப்பளம், ஊறுகாய், வற்றல், மிக்சர், நூடுல்ஸ் மசாலா எதுவும் வேண்டாம். மகளுக்கு நான் கொடுத்தது: காலையில் இட்லிக்கு உப்புக் குறைத்த தேங்காய்ச் சட்னி, மத்தியானம் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்புக் கூட்டும், நடுவில் ஒரு வாழைப்பழம், ஒரு இளநீர். கீரை, பழம், இளநீரில் உள்ள பொட்டாசியம் உப்பின் சோடியத்தை வெளியேற்ற உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இளநீர் பக்கம் போகக் கூடாது. சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் அவற்றைச் சாப்பிடுகிறவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், அது போதும். ஒரேயடியாக நாலைந்து லிட்டர் குடித்துக் 'கழுவ' வேண்டாம். நீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைக்கிற எனக்குத் தண்ணீர் காலில்தான் இறங்கும். நாடா எப்போதும் கழுத்தில் கிடப்பதால், கணுக்கால் எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளி அளந்தேன். எட்டே முக்கால் அங்குலம். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து தெருமுனைவரை நடந்தேன். நடக்கும்போது ஆடுதசை அமுங்கி அமுங்கி, காலில் தேங்கியதை மேலே தள்ளும். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை. மூன்றாம் நாள் காலை அளந்தபோது எட்டேகால் அங்குலம். மோதிரமும் சுழன்றது.

எடையைத் தினமும் ஒரே நேரத்தில், பாத்ரூம் போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உப்பு சாப்பிடாமலேயே கொஞ்சம் ஏறும். அதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் மகளுக்கு 58.6.

எல்லா வீக்கமும் இப்படி வடியாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் அதைத்தாலோ, கர்ப்பிணிக்குத் திடீரென வீக்கத்தோடு தலைவலி வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வாரமாகியும் வீக்கம் வடியாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். இதய நோயாளிகள் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால்கூடக் காத்திருக்கக் கூடாது. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கருவாட்டை விடச் சொல்லவில்லை, என்னாலும் முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு தரம் அப்படியே செய்யுங்கள். குழம்பில் முதலில் உப்பே போடாதீர்கள். கருவாடு வெந்து கொதி அடங்கியதும் ருசி பாருங்கள். போன ஞாயிறு அப்படித்தான் வைத்தேன், ஒரு கல் உப்புகூடப் போட வேண்டியிருக்கவில்லை. மகள் இரண்டாம் முறை சோறு கேட்டாள்.