நம் ஊரில் உச்சிவேளை ஒன்றே காலுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது சூரியன் இன்னும் கிழக்கே சாய்ந்துதான் நிற்கிறது. கோயிலில் உச்சிக்காலப் பூசை முடிந்து, பிரசாதம் கொடுத்து, நடையும் சாத்திய பிறகு ஆற அமர உச்சி வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்கு, பிப்ரவரியில் ஒன்றரைக்கு, மற்ற நாட்களில் இரண்டுக்கும் இடையில்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடிகாரம் கட்டியதே இல்லை. தன் நிழல் காலடிக்குள் வந்ததும் உச்சி திரும்பிவிட்டது என்பார். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். புத்தாண்டும் அரை மணி முன்னதாகவே பிறந்தது. அதற்குப் பிறகு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் வழியில் இருட்டு அரை மணி கூடிவிட்டது என்பது அம்மாவின் கணக்கு. மரத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லையே, பால் பழைய நேரத்துக்குத்தானே வடியும் என்றும் சொல்வார்.

லண்டனில் கிரீன்விச் வானாய்வுக்கூடத்துக்கு ஒருமுறை போனேன். தரையில் பதித்த சுழியத் தீர்க்கரேகைக் கோட்டின் இரு பக்கமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்து வாசலில் ஒரு கம்பி நட்டு நிழல் பார்த்த பிறகுதான் அங்கே பார்த்ததெல்லாம் விளங்கியது. ஆகவே நான் சொல்லும் வரிசை தலைகீழ்: முதலில் கம்பி, பிறகு விமான டிக்கெட்.

கம்பியை நிறுத்துவது

ஒரு மீட்டர் நீளத்தில் நேரான கம்பி ஒன்று வேண்டும். நான் முதலில் மூங்கில் கழியை மண்ணில் குத்தினேன். முந்தின நாள் மழையில் ஊறிய மண். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கழி வடக்கே சாய்ந்து கிடந்தது. அப்புறம் காலி மைலோ டின்னில் சிமெண்ட் கலவையை ஊற்றி, நடுவில் கம்பியை நிறுத்திக் காயவிட்டேன். அது நகரவில்லை. தரையிலிருந்து கம்பியின் நுனி வரை சரியாக ஒரு மீட்டர் இருக்கட்டும்.

இடம் முக்கியம். காலை பதினொன்று முதல் மாலை மூன்றரை வரை வெயில் விழ வேண்டும், தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் வீட்டுச் சிமெண்ட் வாசல்கள் மழைநீர் ஓடுவதற்காகச் சாய்த்துப் போட்டவை. கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டம் வைத்தால் தெரியும். நான் ஒரு பலகையைப் போட்டு, அடியில் அட்டைத் துண்டுகள் செருகி மட்டம் பிடித்தேன். கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று நூல்குண்டைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமிருந்து பாருங்கள். கொத்தனார் சுவர் எழுப்பும்போது பார்ப்பாரே, அதே பார்வை. இந்த நூல்குண்டை மறந்துவிடாதீர்கள், கிரீன்விச்சில் மறுபடியும் வரும்.

சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். நமக்கு வேண்டியது நிழல்தான்.

வட்டமும் புள்ளியும்

உச்சியில் நிழல் மிகக் குட்டையாகும், அந்த நிமிடத்தைக் குறித்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். செய்து பாருங்கள், ஏமாற்றம்தான். உச்சியை ஒட்டிக் கால் மணி நேரத்துக்கு நிழலின் நீளம் மாறுவதே தெரியாது. நுனியும் புகை படிந்தாற்போல் மங்கலாகத்தான் விழும்.

நம் ஆட்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டு மனைக்குத் திசை பார்க்கச் சங்கு என்னும் முளைக்குச்சியை நட்டு வட்டம் போடும் முறை அது. கம்பியின் அடியை நடுவாக வைத்து, நூலில் சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி, 75 செண்டிமீட்டரில் ஒரு வட்டம், 60 செண்டிமீட்டரில் இன்னொரு வட்டம் போடுங்கள். நிழல் குறுகி வரும்போது அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் புள்ளி வைத்து, கைப்பேசியில் மணி பார்த்து எழுதுங்கள். உச்சி தாண்டி நிழல் நீளும்போது அதே வட்டத்தை மறுபக்கம் தொடும். அங்கேயும் புள்ளி, மணி. இரண்டு மணிக்கும் நடு எதுவோ அதுவே உச்சி. நிழல் நுனி மங்கலாக இருப்பதும் தொல்லை தராது. காலையில் எந்த அளவு மங்கலை நுனி என்று எடுத்தீர்களோ, மாலையிலும் அதையே எடுத்தால் பிழை பிழையைத் தின்றுவிடும்.

ஒரு வட்டம் போதாதா என்று கேட்கலாம். பிற்பகல் மேகத்தை நம்பி இந்த ஊரில் துணிகூடக் காயப்போட முடியாது. ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும்.

ஒரு பொங்கலன்று செய்த என் குறிப்பு இது. பெரிய வட்டத்தை நிழல் தொட்டது 11.38, திரும்பத் தொட்டது 3.11. நடு, 1.24-ம் அரை நிமிடமும். சின்ன வட்டத்தில் 12.16, 2.34. நடு 1.25. இரண்டும் அரை நிமிட வித்தியாசத்தில் ஒத்துப்போனதும், அடுப்பில் பொங்கல் பொங்கியதைவிட எனக்கு அதுவே பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டில் யாரும் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஒரே வட்டத்தின் இரண்டு புள்ளிகளையும் கோட்டால் சேருங்கள். அது கிழக்கு மேற்கு. கோட்டின் நடுவிலிருந்து கம்பியின் அடிக்கு இன்னொரு கோடு இழுங்கள். அது வடக்கு தெற்கு. உங்கள் வீட்டு வாசலின் தீர்க்கரேகை அதுதான்.

விடை சரியா என்று பார்க்க இணையம் தேவையில்லை, பள்ளிவாசல் போதும். லுஹர் தொழுகையின் நேரம் சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்குகிறது. பாங்கு ஒலிப்பதற்கு ஓரிரு நிமிடம் முன்னால் உங்கள் உச்சி வந்திருந்தால் வேலை சுத்தம்.

மணியிலிருந்து இடத்துக்கு

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். பழைய கணக்கில் சொன்னால் ஒரு நாழிகைக்கு 6 டிகிரி.

கணக்குக்கு முன் ஒரு திருத்தம். சூரியன் கடிகாரத்தைப் போல ஒரே சீராக நடப்பதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் சில மாதங்கள் முந்தும், சில மாதங்கள் பிந்தும். பிப்ரவரி 11-ஐ ஒட்டி 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் 3-ஐ ஒட்டி 16 நிமிடம் முந்துகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. கணக்குப் போட அலுப்பாக இருந்தால் இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பொங்கலன்று சூரியன் 9 நிமிடம் பிந்துகிறது. 1.25-லிருந்து 9 போனால் 1.16. பன்னிரண்டிலிருந்து 76 நிமிடம் தாமதம். 76-ஐ நான்கால் வகுத்தால் 19 டிகிரி. எதிலிருந்து 19? மலேசிய நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால் இருக்கிறது. அது கிழக்கே 120-ஆவது டிகிரிக்கு உரிய நேரம், அதாவது சபாவையும் தாண்டிப் பிலிப்பைன்ஸ் பக்கம். நாம் அங்கிருந்து 19 டிகிரி மேற்கே இருக்கிறோம். 120-இல் 19 போனால் 101.

சுங்கை சிப்புட் உண்மையில் 101 டிகிரியும் கொஞ்சமும். மைலோ டின்னும் சுண்ணாம்புக் கட்டியும் ஊரை ஏழெட்டு கிலோமீட்டர் மேற்கே தள்ளிவைத்துவிட்டன. ஒரு நிமிடப் பிழைக்கு இங்கே 28 கிலோமீட்டர் தவறும் என்பதால், என்னைப் பொறுத்தவரை இது கெட்டிக்காரத்தனமான விடை. கப்பலில் போகிறவனுக்கு இது போதாது, பாறையில் மோதிவிடுவான்.

(ராகு காலம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சடித்த அட்டவணை சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் என்று வைத்துப் போட்டது. இங்கே ஏழை ஒட்டியோ தாண்டியோதான் உதிக்கிறது. மேற்கொண்டு பேசினால் வீட்டில் சண்டை வரும்.)

இப்போது கிரீன்விச்சுக்கு

அந்த ஆய்வுக்கூடத்தை 1675-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் நிறுவியதே கப்பல்காரர்களின் தீர்க்கரேகைச் சிக்கலைத் தீர்க்கத்தான். முதல் அரச வானியலாளர் ஜான் பிளாம்ஸ்டீட். சூரியன் முந்துவதற்கும் பிந்துவதற்கும் அட்டவணை போட்டவர்களில் அவரும் ஒருவர். மேலே நாம் கழித்த 9 நிமிடம் அப்படிப்பட்ட அட்டவணையில் வருவதுதான்.

படம் எடுக்கும் வரிசையில் நிற்பதற்கு முன், கோட்டுக்கு நேராக உள்ளே இருக்கும் தொலைநோக்கியைப் போய்ப் பாருங்கள். வானியலாளர் ஜார்ஜ் ஏரி அமைத்தது. ஏரி என்றால் குளம் குட்டை இல்லை, மனிதரின் பெயர். 1851-இல் அது வேலைக்கு வந்தது. இரண்டு கல் தூண்களுக்கு இடையே வடக்கு தெற்காக மட்டுமே மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டில் திரும்பாது. முதல்முறை பார்த்தபோது எதற்கு இப்படி ஒரு முடமான தொலைநோக்கி என்று நினைத்தேன். வாசலில் இழுத்த கோட்டை நினைத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும். விண்மீன் தானாக வந்து கோட்டைக் கடக்கும், அந்த நொடியைக் குறிப்பது ஒன்றுதான் வேலை. 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடிப் பேசி, இந்தத் தொலைநோக்கி வழியாகப் போகும் கோட்டைத்தான் சுழியம் என்று முடிவு செய்தன.

கோட்டின்மேல் நின்று கைப்பேசியைப் பார்த்தால் சுழியம் வராது. கிழக்கே 102 மீட்டர் நடந்தால்தான் வரும். இதற்குக் காரணம் நூல்குண்டு. நாம் குண்டு தொங்கவிட்டதைப் போல ஏரி பாதரசத் தட்டை வைத்துச் செங்குத்தைக் கண்டார். அந்த இடத்தின் ஈர்ப்பு பூமியின் மையத்தைச் சரியாகக் குறிவைக்கவில்லை, ஒரு துளி விலகியிருக்கிறது. செயற்கைக்கோள்கள் மையத்தை வைத்து அளக்கின்றன.

பிற்பகல் 12.50-க்கு முற்றத்தில் இருங்கள். கூரைமேல் சிவப்புப் பந்து ஒன்று 12.55-க்குக் கம்பத்தில் பாதி ஏறும், 12.58-க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். 1833 முதல் தேம்ஸ் ஆற்றுக் கப்பல்கள் இதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. பன்னிரண்டுக்கு ஏன் விடவில்லை என்றால், அப்போது வானியலாளர்கள் சூரியனைப் பார்ப்பதில் மும்முரமாக இருப்பார்கள். வாயிற்சுவரில் இருக்கும் 24 மணிக் கடிகாரத்துக்கு டிக்கெட் வேண்டாம், வெளியில் நின்றே பார்க்கலாம். கோடைக்காலத்தில் அது உங்கள் கைக்கடிகாரத்துக்கு ஒரு மணி பின்தங்கிக் காட்டும். கெட்டுப்போய்விட்டது என்று அங்கிருந்த காவலாளியிடம் சொல்லி நான் அசடு வழிந்தேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.

லண்டன் தூரம் என்றால் சென்னை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள், 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. அதில் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். அரசு வளாகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது. மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. நான்கால் வகுத்துப் பாருங்கள், 80 டிகிரியும் காலும் வரும்.

திரும்பி வந்ததும் மைலோ டின்னைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பொங்கலன்று உச்சி நிழல் வடக்கே 49 செண்டிமீட்டர் விழும். ஜூன் 21-இல் தெற்கே 34. இடையில் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10-ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்குமேல் வருவதால் நிழலே இருக்காது. ஏப்ரல் 2 அன்று அம்மாவை அழைத்து வந்து கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். 1.19-க்குக் கம்பியின் நிழல் டின்னுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அம்மா குனிந்து தன் காலடியைப் பார்த்தார். இதற்கா இவ்வளவு சிமெண்ட் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.