செல்லுலாயிட் பொருளுக்கு அருகில் ஒரு சோதனைத் தாள்

செல்லுலாயிட் என்னும் தொடக்ககால பிளாஸ்டிக்கால் ஆன பழைய சீப்பு, பொம்மை, கத்திப்பிடி போன்றவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது, பெட்டியைக் காற்றுப் புகாதபடி மூடாமல் சிறு இடைவெளி விட்டு, அமிலத்தைக் காட்டும் ஏ-டி சோதனைத் தாள் ஒன்றைப் பொருளின் மீது படாமல் ஒரு மூலையில் வையுங்கள். நீலத் தாள் பச்சையாகி மஞ்சளை நோக்கி மாறினால், அப்பொருளை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.

செல்லுலாயிடில் உள்ள செல்லுலோஸ் நைட்ரேட் சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகின்றன. மூடிய பெட்டியில் தேங்கும் அந்த அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துவதோடு, பொருளில் பொருத்தியுள்ள உலோகத்தையும் அரிக்கிறது. பித்தளைக் கீலைச் சுற்றிப் பச்சைப் படிவு தோன்றும்போது, அதை உலோகத்தின் குறை என்றெண்ணித் துடைத்துவிட்டு மீண்டும் உள்ளே வைப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு.

மென்மையான பி.வி.சி. பொம்மைகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மம் காற்றோட்டத்தில் ஆவியாகி இழக்கப்படுவதால், மூடிய கண்ணாடிப் பெட்டியே அவற்றுக்கு ஏற்றது.