1967 செரோக்கி விமானத்தை வாங்கி வைத்துக்கொள்வது எப்படி

முதலில், விமானத்தின் ஓட்டமும் பராமரிப்பும் பதிவாகும் லாக் புக்குகளை ஒரு முழு நாள் உட்கார்ந்து படியுங்கள். பெயின்ட் பளபளக்கிறதா, இருக்கைத் தோல் புதியதா என்பதையெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

ஒஹையோவில் ஒரு சிறிய விமான நிலையத்தில் நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து 1967-ஆம் ஆண்டின் பைப்பர் செரோக்கி 140 ஒன்றை வைத்திருக்கிறோம். தாழ்ந்த இறக்கை, வலப்பக்கம் மட்டும் ஒரு கதவு, 150 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 எஞ்சின். பைப்பர் நிறுவனம் ஃப்ளோரிடாவின் வீரோ பீச்சில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய வகை இது. அதனால் உதிரிபாகங்களுக்கும் விவரம் தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் இன்னும் பஞ்சமில்லை. அபூர்வமான விமானம்தான் வேண்டும் என்று அலைகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பணமும் பொறுமையும் என்னைவிட அதிகம்.

லாக் புக்கில் தேட வேண்டியது, விமானம் பறக்காமல் கிடந்த ஆண்டுகளை. எஞ்சின் மொத்தம் எவ்வளவு ஓடியது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடைசிப் பத்து ஆண்டுகளில் எப்படி ஓடியது என்று கேட்பவர் குறைவு. லைகமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் மேலே, கிராங்க்ஷாஃப்டுக்கு மேற்புறம் இருக்கிறது. நிறுத்தி வைத்தால் அதன் மேலுள்ள எண்ணெய் மெல்ல மெல்ல வடிந்து, உள்ளே தேங்கிய ஈரம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓட்டும்போது துருப்பிடித்த பரப்பு, கேம் தள்ளும் டாப்பெட்டோடு உரசி உதிரத் தொடங்கும். கேமை மாற்ற எஞ்சினையே பிளக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்து முழுதாகப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் என்றால் இன்றைக்கு 30,000 டாலரைத் தாண்டும். ஆகவே, ஓவர்ஹால் முடிந்து 1,500 மணி நேரம் ஆகியும் வாரந்தோறும் பறந்த எஞ்சின், 300 மணி நேரம் மட்டும் ஓடிவிட்டு ஆறு ஆண்டு ஹேங்கரில் தூங்கிய எஞ்சினைவிட எனக்கு நம்பகமானது. விற்பவர் பின்னதற்குத்தான் அதிக விலை சொல்வார்.

அடுத்து, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் முழு ஆவணத்தையும் வரவழையுங்கள். பெரிய பழுதுகளுக்கும் மாற்றங்களுக்கும் நிரப்பிய 337 படிவங்கள் அதில் இருக்கும். அடமானம் ஏதும் இருந்தால் அதுவும் தெரியும். லாக் புக்கில் இல்லாத இறக்கைப் பழுது 337-இல் இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்குமுன் செய்யும் சோதனைக்கு, விற்பவரின் விமானத்தை இதுவரை தொடாத மெக்கானிக்கைப் பிடியுங்கள். சிலிண்டர்களுக்குள் போரோஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று காட்டும் கம்ப்ரஷன் எண்ணைவிட அந்தப் படங்கள் அதிகம் பேசும். செரோக்கியின் எரிபொருள் தொட்டிகள் திருகுகளால் பொருத்தப்பட்டவை; அவற்றைக் கழற்றினால்தான் பின்னாலிருக்கும், இறக்கையைத் தாங்கும் உத்தரமான முதன்மை ஸ்பாரில் அரிப்பு உண்டா என்று தெரியும். 2018-இல் டேடோனா பீச்சில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பைப்பர் ஆரோ விமானத்தின் இறக்கை பறக்கும்போதே கழன்றது. ஸ்பாரின் போல்ட் துளையில் களைப்பு விரிசல். அதன் பிறகு எஃப்.ஏ.ஏ. இந்தக் குடும்பத்தின் பல மாடல்களுக்கு உலோக விரிசலை மின்காந்த முறையில் கண்டறியும் எடிகரண்ட் சோதனையைக் கட்டாயமாக்கியது. உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஏ.டி. எனப்படும் இத்தகைய கட்டாய ஆணைகள் எல்லாவற்றுக்கும் எந்தத் தேதியில், எப்படி இணங்கினார்கள் என்ற பட்டியல் இல்லாத விமானம் பாதி விமானம்தான்.

'அந்த வருஷத்து அம்பாசடரில் உன்னை ஊட்டிக்குக்கூட அனுப்ப மாட்டேனே' என்றார் கோயம்புத்தூரிலிருந்து என் அப்பா. நியாயமான கவலை. ஆனால் அம்பாசடரை ஆண்டுக்கு ஒருமுறை பலகை பலகையாகக் கழற்றிப் பார்த்து யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. இங்கே ஐ.ஏ. எனப்படும் பரிசோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. அந்தப் பரிசோதனையை உங்களோடு சேர்ந்து செய்ய இசைகிற மெக்கானிக்காகத் தேடுங்கள். பலகைகளைக் கழற்றுவது, திருகுகளை அந்தந்த இடத்துக்கான டப்பாவில் போடுவது, மசகு இடுவது எல்லாம் அவர் மேற்பார்வையில் நீங்களே செய்யலாம். ஒரு நிபந்தனையை முன்பே பேசிவிடுங்கள்: முதலில் பரிசோதனை, பிறகு குறைகளின் பட்டியல், அதன் பிறகுதான் உங்கள் ஒப்புதலோடு பழுது. இதை ஏற்காதவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தானே செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கும் வேலைகளும் உண்டு: எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது, டயர், பேட்டரி, விளக்கு. இவற்றில் எண்ணெய் மாற்றுவதைத்தான் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் முழு ஓட்ட ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, வெறும் சல்லடை மட்டும் என்றால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை, எப்படியானாலும் நான்கு மாதத்துக்குள் என்று லைகமிங் சொல்கிறது. பறந்து வந்த சூட்டோடு வடியுங்கள். அழுக்கு எண்ணெயோடு வந்துவிடும். பழைய ஃபில்டரை அதற்கென்று உள்ள வெட்டியால் திறக்க வேண்டும். இரும்பு ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளைப் பார்த்தே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். உள்ளே மடிப்புக் காகிதத்தை வெட்டி எடுத்து, பிழிந்து, விரித்து, வெயிலில் பாருங்கள். காந்தம் இழுக்கும் துகள் என்றால் கேம் அல்லது டாப்பெட் மீது சந்தேகம். பளபளத்தும் காந்தத்துக்கு வராதது பெரும்பாலும் அலுமினியம். எண்ணெய்த் தொட்டியிலிருக்கும் சல்லடையையும் மறக்க வேண்டாம். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் டிசி-4 என்னும் மசகு தடவி, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கி, பாதுகாப்புக் கம்பி கட்டி, எஞ்சினை ஓட்டிக் கசிவு பார்த்து, லாக் புக்கில் தேதி, வேலை, கையெழுத்து, உரிம எண் எழுதினால் முடிந்தது. எட்டு குவார்ட் பிடிக்கும் தொட்டியில் நான் ஆறுக்கு மேல் வைப்பதில்லை. மேலதிகம், எஞ்சினின் காற்றுப்போக்கிக் குழாயான பிரீதர் வழியாக வெளியேறி விமானத்தின் அடிவயிற்றில்தான் பூசிக்கொள்ளும்.

மற்றபடி, வாரம் ஒருமுறையாவது எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை பறக்க வேண்டும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது ஈரத்தைச் சேர்ப்பதே ஒழிய விரட்டுவதில்லை. தரையில் நகரும்போது எஞ்சினுக்குப் போகும் எரிபொருள்-காற்றுக் கலவையை நன்றாக மெலிதாக்குங்கள், 100 எல்.எல். எரிபொருளின் ஈயம் கீழ்ப்பிளக்குகளில் படிவது குறையும். ஒஹையோ ஜனவரியில் முன்சூடு இல்லாமல் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.

இனி மேம்பாடு. எல்லாருக்கும் முதலில் ஆசை வருவது மின்னணுத் திரைகள் மேல்தான். என் வரிசை வேறு. 1978-க்கு முந்தைய பல விமானங்களில் தோள்பட்டை பெல்ட் கிடையாது. முதல் செலவு அதற்கு. இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான்: கேபின் சூடு எக்ஸாஸ்ட் உறையிலிருந்து வருகிறது, அதில் விரிசல் விழுந்தால் மூக்குக்குத் தெரியாது. மூன்றாவது, பைப்பர் போட்ட அலுமினிய பேட்டரி கேபிள்களைத் தூக்கிவிட்டுச் செம்புக் கேபிள். குளிரில் ஸ்டார்ட்டர் முனகுவது அன்றோடு நிற்கும். நான்காவது, ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பத்தையும் பதிவு செய்யும் எஞ்சின் மானிட்டர். அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால் வாக்யூம் பம்பு ஓட்டும், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானத்துக்குப் பதில் மின்னணுக் கருவி போடலாம். அந்த உலர் பம்புகள் முன்னறிவிப்பில்லாமல் சாகக்கூடியவை. 2020 முதல் பல வான்வெளிகளில் கட்டாயமான, விமானத்தின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. கருவி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். எதைப் போட்டாலும் உங்கள் மாடலுக்கு எஸ்.டி.சி. எனப்படும் வடிவமைப்பு மாற்ற ஒப்புதலோ வேறு முறையான அனுமதியோ உண்டா என்று காகிதத்தில் பார்த்த பிறகே ஆர்டர் செய்யுங்கள்.

2,000 மணி நேரம் ஆனதும் ஓவர்ஹால் செய்தே தீர வேண்டும் என்று மிரட்டுவார்கள். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவருக்கு அந்த எண் தயாரிப்பாளரின் பரிந்துரை மட்டுமே. வெட்டிய ஃபில்டர், எண்ணெய்ப் பகுப்பாய்வு, போரோஸ்கோப் படங்கள் மூன்றும் ஒழுங்காக இருக்கும்வரை நாங்கள் ஓட்டுவோம். ஓவர்ஹால் நிதிக்கு மட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறோம். கூட்டாளிகளுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் அந்தக் கணக்கு காலியாக இருக்கும்போதுதான்.