அமெரிக்கா போகும் அப்புச்சி அமுச்சிகளே, தண்ணீரைக் குறைக்காதீர்கள்

மகளுக்குப் பிரசவம் பார்க்க, பேரனைப் பார்த்துக்கொள்ள என்று ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து அமெரிக்கா போகிறவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். இவர்களில் பலர், விமானத்தில் பாத்ரூம் போகக் கூச்சப்பட்டு முந்தின நாளே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அப்புறம் பதினாறு மணி நேரம் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தால் தலைவலி, மலச்சிக்கல், வீங்கின கால் எல்லாம் வரத்தான் செய்யும்.

அதனால் முதலில் அந்த பாத்ரூமைப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கதவின் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும், அங்கே கைவைத்துத் தள்ளினால் உள்பக்கம் மடிந்து திறக்கும். தாழ்ப்பாளை முழுசாக நகர்த்தினால்தான் விளக்கு பளிச்சென்று எரியும். கழுவக் குழாய் இருக்காது, ஒரு காலி பாட்டில் கொண்டுபோய் வாஷ்பேசினில் பிடித்துக்கொள்ளுங்கள் (அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்). பட்டனை அமுக்கினால் பெரிய சத்தத்தோடு உறிஞ்சும், பயப்பட வேண்டாம், மூடியை மூடிவிட்டு அமுக்குங்கள். செருப்பில்லாமல் போகவே கூடாது. சாப்பாட்டு வண்டி வந்துவிட்டால் வழி அடைபடும், அதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள்.

டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒன்று: நடைபாதையோர சீட்டாகப் போடுங்கள். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பச் சங்கடப்பட்டே அம்மா எழுந்திருக்க மாட்டார்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரிதான் இருக்கும், அதாவது ஏறக்குறைய ஊட்டி உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் அதில் கிடையாது, மூக்கும் உதடும் வறண்டுபோகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே இருங்கள். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அடைக்கிற மாதிரியே காதும் அடைக்கும், இறங்கத் தொடங்கும்போது தூங்காமல் மிட்டாய் சப்பி எச்சில் விழுங்கினால் போதும். வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் அந்த உயரத்தில் விரியும், கிளம்புகிற அன்றைக்கு மொச்சைக் குழம்பும் சோடாவும் வேண்டாம்.

கால்தான் முக்கியம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. அபாயம் மொத்தத்தில் சிறியதுதான், ஆனால் விமானத்துக்கு மட்டுமில்லை, கார், பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். ஈரோட்டிலிருந்து பெங்களூரு ஏர்போர்ட்டுக்குக் காரில் போகிறவர்களுக்குக் கணக்கு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது, கிருஷ்ணகிரி பக்கம் டீக்கு நிறுத்தி நாலு நடை நடங்கள். விமானத்தில் மணிக்கு ஒருதரம் எழுந்திருங்கள், விளக்கை அணைத்துவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்காலையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள், கெண்டைச் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். மொழி தெரியாது என்று பிள்ளைகள் வீல்சேர் போடுவது நல்லதுதான், அதற்காக விமானம் மாறும் ஏர்போர்ட்டில் மணிக்கணக்காக அதிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இறுக்கமான சாக்ஸ் போடுவதென்றாலும், அண்மையில் ஆபரேஷன் ஆகியிருந்தாலும், முன்பே காலில் ரத்தம் உறைந்திருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் டாக்டர் எழுதிய சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, கீழே குளிரில் உறைந்து கெடலாம். ஊர் நேரம் மாறுவதால் எந்த வேளைக்கு எவ்வளவு என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தூக்க மாத்திரையும் அப்புச்சிக்கு ஓசி விஸ்கியும் வேண்டாம், அசையாமல் தூங்கிவிடுவார்.

போய் இறங்கியதும் பகலில் வெயில் படும்படி நடங்கள், மத்தியானத் தூக்கத்தை அரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பொதுவாக நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம்தான் உடம்பு பழகும். திரும்பி வரும்போதும் கொஞ்ச நாள் இழுக்கும். இரண்டு பாதமும் லேசாக வீங்கினால் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இறங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தாலும் சரி, மாப்பிள்ளைக்குச் சிரமம் என்று பார்க்காமல் உடனே சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.