குவாடலூப் போறீங்களா? பீச்சோட திரும்பிடாதீங்க

கரீபியன்ல இருக்கிற குவாடலூப் இன்னும் பிரான்ஸோட பகுதிதான், செலவுக்கு யூரோ எடுத்துக்குங்க. முதல்ல புவாந்த்-அ-பீத்ர்ல மெமோரியல் ஆக்ட் மியூசியம் பாருங்க, பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்துலயே 2015ல திறந்த அடிமை வரலாற்று மியூசியம், அரை நாளாவது ஒதுக்குங்க. 1848ல அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா நம்ம ஜனங்களை ஒப்பந்தக் கூலியா கப்பல்ல ஏத்தினாங்க, முதல் கப்பல் 1854 டிசம்பர்ல போய்ச் சேர்ந்துச்சு. அதனால கபெஸ்டேர்-பெல்-ஓ பக்கம் இருக்கிற ஷாங்கி கோயிலை விட்டுடாதீங்க, கலர் கலரா சாமி சிலைங்களோட நம்மூர் கோயில் மாதிரியே இருக்கும். சாப்பாட்டுக்கு கொலம்போன்னு கேளுங்க, மல்லி சீரகம் மஞ்சள் கடுகு எல்லாம் அரைச்ச பொடி போட்ட ஆட்டுக்கறி, காரம் கம்மிதான் ஆனா அந்த வாசனை நம்ம வீட்டு வாசனை!